தோழி லண்டன் திரும்பும் முன், பினாங்கில் மிச்சமிருக்கும் நாட்கள்

செந்தூல்காரி
வியாழன், மாலை 5:12

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயம் கேட்க வேண்டும், அதற்கு முன்னால் கொஞ்சம் சொல்லவும் வேண்டும், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தோழி லண்டனில் தாதியாக (நர்ஸாக) இருக்கிறாள். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. அப்புறம் அவள் ஈப்போ, நான் கேஎல் (கோலாலம்பூர்), அதற்கப்புறம் அவள் கடல் தாண்டிவிட்டாள். இந்த ஜனவரியில்தான் குளிர்கால லீவு சேர்ந்தாற்போல் கிடைத்து வந்திருக்கிறாள். அங்கே இந்த மாதத்தில் சாயங்காலம் நாலரைக்குள் இருட்டிவிடுகிறதாம். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. இங்கே ஏழு மணிக்கும் வெளிச்சம் இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

முதலில் கேஎல்லில் என் வீடு, பிறகு சுங்கை சிப்புட், இப்போது பினாங்கு. ஞாயிறு நள்ளிரவை ஒட்டி கேஎல்ஐஏ விமான நிலையத்திலிருந்து அவளுக்கு விமானம். லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் ஒரு சின்ன விடுதியில் தங்கியிருக்கிறோம்.

சுங்கை சிப்புட்டைப் பற்றிச் சொல்லாமல் கேள்வி புரியாது. அவள் அம்மா 2021-இல் தவறிப்போனார். அப்போது விமானம் கிடைத்தாலும் இறங்கியவுடன் தனிமைப்படுத்தல், அது முடிவதற்குள் காரியமே முடிந்துவிடும், நீ வராதே என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இந்த முறைதான் அடக்கம் செய்த இடத்துக்குப் போனாள். தோட்டம் முழுக்க இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை), நாங்கள் பால் மரம் பார்த்து வளர்ந்த இடத்தில் ஒரு ரப்பர் மரம்கூட இல்லை, தொழிலாளர் வீடுகளான லயம் இருந்த வரிசையும் இல்லை. பூ வைத்தாள், தண்ணீர் ஊற்றினாள், சூடம் ஏற்றினாள், "வா போகலாம்" என்றாள். அழவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அவள் கையில் ஒரு நீளப் பட்டியல் இருக்கிறது. கொடிமலை (பினாங்கு ஹில்), கெக் லோக் சி புத்தர் கோயில், பத்து பெரிங்கி கடற்கரை, பாலிக் புலாவ், ஆர்மீனியன் ஸ்ட்ரீட் சுவர் ஓவியங்கள், தண்ணீர்மலைக் கோயில். அடுத்து எப்போது வருவேனோ, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்கிறாள். என் எண்ணம் வேறு. இந்தக் கடைசி நாட்களைக் காலியாக விட வேண்டும் என்று நினைக்கிறேன். அவள் மனதில் இருப்பது வெளியே வருவதற்கு இடம் வேண்டும், காலை எட்டு மணிக்கே கிராப் டாக்ஸியில் ஏறி இரவு பத்து மணிக்குக் கால்வலியோடு படுத்தால் எதுவும் வராது. இதற்கு நடுவில் என் அண்ணன், சனிக்கிழமையே கேஎல்லுக்கு வந்துவிடுங்கள், அதுதான் பாதுகாப்பு என்கிறார்.

நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?


பட்டவொர்த்_மைந்தன்
வியாழன், மாலை 6:03

போக்குவரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை அனுபவசாலிகள் சொல்லட்டும்.

சனிக்கிழமையே கிளம்ப வேண்டாம். ஞாயிறு காலை பெர்ரி பிடித்து பட்டவொர்த் வாருங்கள், இறங்கியதும் பினாங்கு சென்ட்ரல் வழியாக நடந்தே ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம். இடிஎஸ் ரயில் கேஎல் சென்ட்ரலுக்குச் சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் 28 நிமிடம். காலை ரயில் என்றால் பிற்பகலிலேயே கேஎல் வந்துவிடுவீர்கள், நள்ளிரவு விமானத்துக்கு அது தாராளம், ரயில் ஒரு மணி நேரம் தாமதமானாலும் பதற்றம் இல்லை.

பேருந்து மட்டும் வேண்டாம், காரும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தெற்கே போகும் நெடுஞ்சாலை எப்போது நிற்கும், எப்போது நகரும் என்று யாரும் சொல்ல முடியாது. டிக்கெட்டை இன்றைக்கே எடுங்கள், வார இறுதி இடிஎஸ் சீக்கிரம் நிரம்பிவிடும்.


ஆயர்_ஈத்தாம்_அக்கா
வியாழன், இரவு 8:20

தங்கச்சி, நீ சொல்வதில் பாதி சரி. ஆனால் கொடிமலைக்குப் போகாமல் அவளை அனுப்பாதே.

நாளைக்கே போங்கள், வெள்ளி. சனி, ஞாயிறு என்றால் வரிசையில் நின்றே பொழுது போய்விடும். முதல் மலை ரயில் காலை 6:30-க்கு. இந்த மாதத்தில் பினாங்கில் சூரியன் உதிக்க ஏழே கால் தாண்டிவிடும், அதனால் நடு இரவில் எழுந்து ஓடாமலேயே மேலே நின்று விடியலைப் பார்க்கலாம். (1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதால் வந்த வசதி இது. பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் கிளம்புகிறார்களே என்று வருத்தப்படுகிறவர்களுக்கும் அதுதான் காரணம்.) ஜனவரியில் இங்கே மழையும் குறைவு, கிழக்குக்கரை நனைந்துகொண்டிருக்கும்போது நமக்கு வானம் தெளிவாக இருக்கும். பழைய பாலம், 2014-இல் திறந்த இரண்டாவது பாலம், எதிர்க்கரையில் பட்டவொர்த், எல்லாம் தெரியும்.

மேலே அருளொளி திருமுருகன் கோயில் இருக்கிறது, பக்கத்திலேயே மசூதி. கும்பிட்டுவிட்டு ஒரு இடம் பார்த்து உட்காருங்கள். உட்காருவதற்காகத்தான் போகச் சொல்கிறேன், படம் எடுத்துக்கொண்டு இறங்குவதற்கு இல்லை. மைகாட் (மலேசிய அடையாள அட்டை) இருந்தால் உனக்கு டிக்கெட் விலை குறைவு. அவள் இன்னும் மலேசியக் குடியுரிமையை வைத்திருக்கிறாள் என்றால் அவளும் கொண்டுபோகட்டும்.

அம்மா விஷயம் கேட்டு மனசு கனத்துவிட்டது. அவளை நான் விசாரித்ததாகச் சொல்.


கூலிம்_தம்பி
வியாழன், இரவு 9:45

நான் கொஞ்சம் எதிராகப் பேசப் போகிறேன், செந்தூல் அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. அவங்க 10,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்திருக்காங்க. பதிமூன்று, பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து, அவ்வளவு பணம் கொடுத்து வந்தவங்களை விடுதியில் உட்கார வைத்துப் பேசுவோம் என்பது சரியா? பேசுவதற்குத்தான் வாட்ஸ்அப் இருக்கிறதே. பத்து பெரிங்கி கடலும் பாலிக் புலாவ் காற்றும் வாட்ஸ்அப்பில் வராது. பட்டியல் போட்டது அவங்க, அதைக் குறைப்பதற்கு நாம் யார்?


சோல்_போய்_வந்தவன்
வெள்ளி, அதிகாலை 12:30

கூலிம் தம்பிக்கு என் அனுபவம். கிள்ளானிலிருந்து நானும் என் நண்பனும் ஜனவரியில் சோல் போனோம், வெளியே சைபருக்கு எத்தனையோ டிகிரி கீழே, பேசினால் வாயிலிருந்து புகை. முதல் பாதி முழுக்க அரண்மனை, கோபுரம், பனிச்சறுக்கு என்று ஓடினோம். கடைசி இரண்டு நாளும் குவாங்ஜாங் சந்தையில் சூடாக எதையாவது சாப்பிட்டுக்கொண்டு, அறையில் அந்தச் சூடான தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவனுக்கு விவாகரத்து நடந்துகொண்டிருந்த நேரம். ஒரே ஊரில் இருந்தும் அதைப் பற்றி அவன் என்னிடம் பேசியது அங்கேதான்.

குளிர் ஊரில் இது தானாக நடக்கிறது, வெளியே நிற்க முடியாது, உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். நம் ஊரில் வெளியே கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் நாமே முடிவு செய்து உட்கார வேண்டியிருக்கிறது. செந்தூல்காரி சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.


செந்தூல்காரி
வெள்ளி, மதியம் 2:40

அக்கா, போய் வந்தோம். முதல் ரயில் கிடைக்கவில்லை, அடுத்ததில் ஏறினோம். மேலே காற்று நன்றாகக் குளிர்ந்தது, நான் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன், அவள் அரைக்கை சட்டையோடு கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றாள். பாலத்துக்கு மேலே முதலில் ஒரு கோடு மாதிரி சிவந்தது, அப்புறம் கடல் முழுக்க. முருகன் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார்கள். அவள் தன் பெயரைச் சொல்லவில்லை, அம்மா பெயரைச் சொன்னாள். இறந்தவர் பெயருக்கு அர்ச்சனை செய்வதில்லை என்று தெரிந்தேதான் சொன்னாளோ, பழக்கத்தில் வந்துவிட்டதோ. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐயர் நட்சத்திரத்தை மட்டும் இன்னொரு முறை கேட்டுவிட்டு அப்படியே செய்து கொடுத்தார்.

கூலிம் தம்பி, கோபமே இல்லை, நியாயமான கேள்வி. ஆனால் வாட்ஸ்அப்பில் நாங்கள் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒருத்தி சாப்பிடும்போது இன்னொருத்தி தூங்கப் போகிற நேரம், எட்டு மணி நேர வித்தியாசம். வார்டில் நடந்தது, வாடகை ஏறியது, என் பையனின் பரீட்சை, எல்லாம் பேசிவிடுவோம். அம்மாவைப் பற்றி ஒரு தடவையும் பேசவில்லை. போனில் ஒருத்தி சும்மா இருந்தால் லைன் கட்டாகிவிட்டதோ என்று மற்றவள் "ஹலோ, ஹலோ" என்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சும்மா இருக்க முடியும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

பட்டியலை நான் குறைக்கவில்லை. மலையிலிருந்து இறங்கிய பிறகு அவளே, பத்து பெரிங்கி வேண்டாம், விடுதிக்குப் போய்க் குளித்துவிட்டு நாசி கண்டார் சாப்பிடுவோம் என்றாள். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லி, வெண்டைக்காயும் ஒரு கோழித் துண்டும் வைத்துக்கொண்டு, தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

இன்னொரு கேள்வி. நாளை சௌராஸ்தா மார்க்கெட் போகிறோம். ஜாதிக்காய் ஊறுகாய், தாவ் சார் பியா (பருப்பு வைத்த பலகாரம்), கறிவேப்பிலை, கொஞ்சம் பால்கோவா, கருவாடு எல்லாம் வாங்க நினைக்கிறாள். லண்டனில் எதை விடுவார்கள்?


பர்மிங்ஹாம்வாசி
வெள்ளி, இரவு 7:15

இதில் நான் உதவ முடியும், சிரம்பானிலிருந்து வந்தவன், வருடா வருடம் பெட்டி கட்டுகிறவன்.

கறிவேப்பிலை பச்சையாகக் கொண்டு வராதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதோடு வந்துவிடும் என்று ரொம்பக் கண்டிப்பாக இருக்கிறார்கள். பிடித்தால் குப்பையில்தான் போடுவார்கள். காயவைத்துப் பொடியாக்கி வாங்குங்கள். பால்கோவா, நெய், இறைச்சி எதுவும் கூடாது, வாக்குவம் பாக்கெட்டாக இருந்தாலும் கூடாது. மற்ற பழங்களுக்குச் சான்றிதழ் கேட்பார்கள், ஆனால் அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியான் இவற்றுக்குத் தேவையில்லை. டுரியானை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்! கருவாடு, நெத்திலி பரவாயில்லை, நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து இரண்டு உறை போடுங்கள். பியாவும் பரவாயில்லை. உள்ளே இறைச்சி வைத்த வகையும் விற்கிறார்கள், அது வேண்டாம், பாசிப்பருப்பு வைத்ததை வாங்குங்கள்.

ஜாதிக்காய் ஊறுகாயில் உலர்ந்ததும் இருக்கிறது, பாகில் ஊறியதும் இருக்கிறது. பாகு உள்ளது என்றால் பெரிய பெட்டியில்தான் போட வேண்டும், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் பிடுங்கிவிடுவார்கள். மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கும், அவங்களுக்குப் படிக்கிற பழக்கம் இருந்தால் கூட்டிப் போங்கள்.

அப்புறம், தாதி வேலை செய்கிறவங்க என்கிறீர்கள். திங்கள் காலை லண்டனில் இறங்கியவுடன் அன்று இரவே டூட்டி வைத்துக்கொண்டிருக்கிறாங்களா என்று கேளுங்கள். இங்கே நிறைய பேர் அப்படித்தான் செய்கிறாங்க, லீவை ஒரு நாள்கூட வீணாக்கக் கூடாது என்று. ஜனவரி இருட்டில், ஹீட்டர் அணைந்து கிடக்கிற வீட்டுக்குள் தனியாக நுழைவது லேசான காரியம் இல்லை. முடிந்தால் ஒரு நாள் ஓய்வு எடுக்கச் சொல்லுங்கள்.


கூலிம்_தம்பி
வெள்ளி, இரவு 10:02

செந்தூல் அக்கா பதிலைப் படித்தேன். அந்த "ஹலோ, ஹலோ" விஷயம் எனக்கும் என் அண்ணனுக்கும் நடப்பதுதான், அவர் பெர்த்தில் இருக்கிறார். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்வேன், சும்மா இருப்பதற்கும் ஒரு இடம் வேண்டும். விடுதி அறையில் கட்டிலில் உட்கார்ந்தால் இரண்டு பேரும் போனை எடுத்துவிடுவீர்கள். எங்கே உட்காரப் போகிறீர்கள்?


பட்டவொர்த்_மைந்தன்
வெள்ளி, இரவு 10:20

பெர்ரி. போய், அதிலேயே திரும்பி வாருங்கள்.

1894-இலிருந்து இந்தக் கடவு ஓடுகிறது. பழைய பெரிய பெர்ரிகள் போய்விட்டன, காரெல்லாம் இப்போது ஏறாது, ஆட்களும் மோட்டார் சைக்கிளும்தான். புதுசு ஏசி போட்டது, பழசின் காற்று இதில் இல்லை என்று என் அப்பா இன்னும் வருத்தப்படுகிறார். இருந்தாலும் தண்ணீர் தண்ணீர்தானே. சாயங்காலம் ஆறரைக்கு ஏறினால் திரும்பும்போது ஜார்ஜ்டவுன் பக்கம் சூரியன் இறங்கும்.


செந்தூல்காரி
சனி, இரவு 11:50

மைந்தன், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

காலையில் சௌராஸ்தா, பிறகு லிட்டில் இந்தியாவிலேயே நடந்தோம். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அங்கிருந்து குவான் யின் கோயில், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், எல்லாம் நடக்கிற தூரம். மாரியம்மன் கோயில் 1833, பள்ளிவாசல் 1801, தேவாலயம் 1818. நம் ஆட்கள் இங்கே இறங்கி எத்தனை காலம் ஆகிவிட்டது என்று அவள் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். வெயில் ஏறியதும் கடை வாசல்களின் ஐந்தடி நடைபாதைக்குள் ஒதுங்கிக்கொண்டோம். சுவர் ஓவியங்கள் பக்கம் கூட்டம், நாங்கள் திரும்பிவிட்டோம்.

சாயங்காலம் பெர்ரி. போகும்போது பேச்சே இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு மலாய் அம்மா, மடியில் தூங்குகிற பேத்தி, கீழே ஒரு மார்க்கெட் பை, அதிலிருந்து எட்டிப் பார்க்கிற கீரைக்கட்டு. பட்டவொர்த்தில் இறங்கி, சுற்றி வந்து, மறுபடி ஏறினோம். கப்பல் கரையை விட்டதும் அவள் பேச ஆரம்பித்தாள். அம்மாவுக்குக் கடைசி வாரம் மூச்சுத் திணறியபோது வீடியோ காலில் ஆக்சிஜன் அளவைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தாளாம், நோயாளிக்கு எழுதுகிற மாதிரி நேரம் போட்டு, எண் போட்டு. அந்தத் தாள் இன்னும் அவள் பையில் இருக்கிறது. எத்தனையோ பேருடைய அம்மாக்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், என் அம்மாவுக்கு எண்ணைத்தான் எழுதினேன் என்றாள். இந்தக் கரை வந்தபோதும் பேசிக்கொண்டிருந்தாள். இறங்கிப் பாடாங் கோத்தா லாமா திண்ணையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தோம், பாசெம்பூர் வாங்கி வைத்து ஆறிப்போய்விட்டது, ஒன்பது மணி தாண்டியும் பேசினாள். அழுதாள், நானும் அழுதேன்.

சுங்கை சிப்புட்டை முதலிலேயே வைத்ததும், கடைசி நாட்களைக் காலியாக விட்டதும் நல்லது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அந்த இடத்திலிருந்து அவளை நேரே விமான நிலையத்துக்குக் கொண்டுபோயிருந்தால் இதெல்லாம் அவளோடு திரும்பி லண்டன் போயிருக்கும். ஊருக்கு வருகிற பிள்ளைகள் பல பேர் சாவு வீட்டையும் சமாதியையும் கடைசி நாளில் வைக்கிறார்கள், மனசு கனமாகிவிடும், லீவு கெட்டுவிடும் என்று. தயவுசெய்து அப்படி வைக்காதீர்கள்.

நாளை காலை ரயில், டிக்கெட் இருக்கிறது. பர்மிங்ஹாம் அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே உண்மை, திங்கள் இரவே டூட்டி போட்டிருந்தாள். உங்கள் பதிவைக் காட்டினேன். புதன் வரைக்கும் மாற்றிக் கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்.


பட்டவொர்த்_மைந்தன்
ஞாயிறு, காலை 7:05

நல்லபடியாகப் போய் வாருங்கள். பாகான் செராய் தாண்டியதும் போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பாருங்கள், புக்கிட் மேரா ஏரிக்கு நடுவில் ரயில் போகும், இரண்டு பக்கமும் தண்ணீர்.


செந்தூல்காரி
திங்கள், காலை 10:30

அனுப்பிவிட்டேன். ரயில் நேரத்துக்கு வந்தது, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, பிறகு விமான நிலையம். மைந்தன், ஏரியைப் பார்த்தோம், சுங்கை சிப்புட் வந்தபோது அவளே எழுந்து ஜன்னல் பக்கம் வந்து, எங்கள் பள்ளி எந்தத் திசை என்று கேட்டாள். வார்டில் புதன் வரை லீவு கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த முறை தைப்பூசத்துக்கு வருகிறேன் என்கிறாள், பினாங்குக்கே. தண்ணீர்மலை இந்த முறை விட்டுப்போய்விட்டது. இப்போதே தங்க இடம் பார்க்க வேண்டுமா?


ஆயர்_ஈத்தாம்_அக்கா
திங்கள், மதியம் 1:15

முதலில் தேதியைப் பார், தங்கச்சி. ஒரு வருடம் ஜனவரி நடுவில் வரும், இன்னொரு வருடம் பிப்ரவரிக்குத் தள்ளிப்போகும், அவள் லீவு கேட்பதற்கு முன்னால் அது தெரிய வேண்டும். ரதம் கிளம்புகிற அன்றைக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள், பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து செட்டியார் கோயில் வரைக்கும் வெள்ளி ரதம் போகும், வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். மலைக்கு 500 படிக்கு மேல் ஏற வேண்டும், அவளை இப்போதிருந்தே நடக்கச் சொல். தங்குவதற்கு விடுதி எதற்கு? என் வீட்டில் மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. எனக்குத் தனியாக மெசேஜ் போடு.